சுருள்சிரை நோய்

சுருள்சிரை நோய் என்பது கால்களில் தோலுக்கு அடியிலுள்ள சிரைகள் வீங்கி, முறுக்கிப் புடைத்துக் காணப்படும் நிலை ஆகும். பேச்சு வழக்கில் இது வெரிகோஸ் வெயின் எனப்படுகிறது. இரத்தத்தை மேல்நோக்கி மட்டுமே செல்லவிடும் சிரை வால்வுகள் பழுதடைவதால் இரத்தம் கீழே திரும்பித் தேங்குகிறது. பரம்பரை, மகப்பேறு, உடற்பருமன் ஆகியவையும் காரணங்களாகும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்பவருக்கு அவ்வுதவி கிடைப்பதில்லை. நாள் முழுவதும் நிற்பதால் ஊழியர்களுக்கு ஏற்படும் உடல்நலக் கேடுகளைக் கருதி, கடைகளில் இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 2021 இல் நிறைவேறியது. கேரளம் 2018 இலேயே இதைச் செய்திருந்தது.

சிகிச்சை

அழுத்தக் காலுறை வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், வால்வைச் சரிசெய்யாது. காலில் தமனி அடைப்பு உள்ளவர்கள் மருத்துவர் ஆலோசனையின்றி இதை அணியக் கூடாது.

சிரையை உருவி அகற்றும் அறுவை சிகிச்சையே நெடுங்காலம் முதன்மையாக இருந்தது. பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2013 இல் வெளியிட்ட வழிகாட்டல் இவ்வரிசையை மாற்றியது. லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் சிரையை உள்ளிருந்தே மூடுதல் முதலிலும், நுரைமருந்து ஊசி அடுத்தும், அறுவை சிகிச்சை இறுதியிலும் வைக்கப்பட்டன. சிரையை மூடினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும் என்று பலர் அஞ்சுவதுண்டு. உண்மையில் கால் இரத்தத்தின் பெரும்பகுதி ஆழ்சிரைகள் வழியாகவே இதயத்துக்குத் திரும்புகிறது. அவை அடைபடாமல் உள்ளனவா என்பதை டாப்ளர் ஸ்கேன் மூலம் முன்னரே உறுதிசெய்வது இதனாலேயே இன்றியமையாதது. சிகிச்சைக்குப் பின்னரும் வேறு சிரைகளில் நோய் தோன்றலாம்.

கணுக்கால் அருகே தோல் கறுத்தாலோ ஆறாத புண் ஏற்பட்டாலோ மருத்துவரைக் காண வேண்டும். புடைத்த சிரையிலிருந்து இரத்தம் கசிந்தால் உடனே படுத்து, காலை உயர்த்தி, அவ்விடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தபடி மருத்துவ உதவி பெற வேண்டும்.