தாம்பரத்துக்கு இன்னும் 1971

மேடவாக்கம் கூட்டுரோட்டில் சிக்னல் விழக் காத்திருக்கும்போது சுற்றிலும் பாருங்கள். எத்தனை அடுக்குமாடி, எத்தனை தலைகள்! ஆனால் குடியரசுத் தலைவர் தேர்தலைப் பொறுத்தவரை இந்த இடம் இன்னும் 1971-இல்தான் இருக்கிறது.

அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடுவது நாம் அல்ல, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்பு. எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு. மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 4,11,99,168 பேர். 234-ஆல் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுத்தால் 176.

தாம்பரம் எம்.எல்.ஏ.வுக்கு 176. 2021-இல் ஆறு லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்களோடு மாநிலத்திலேயே பெரிய தொகுதியாக இருந்த சோழிங்கநல்லூருக்கும் 176. அப்போது இரண்டு லட்சத்தையும் எட்டாத துறைமுகத்துக்கும் அதே 176! மாநிலத்துக்குள் எல்லாரும் சமம். ஏற்ற இறக்கமெல்லாம் மாநிலங்களுக்கு இடையேதான்: உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7.

கணக்கு ஏன் 1971-இல் நின்றது? மக்கள்தொகை பெருகாமல் பார்த்துக்கொண்ட மாநிலம் அதற்காகவே செல்வாக்கை இழக்கக் கூடாது என்றுதான். 1976-இல் 42-வது திருத்தம் எண்ணை உறைய வைத்தது. 84-வது திருத்தம் அதை நீட்டியது. 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை இதுதான் நிலை. உறையாமல் 2011 கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: நமக்கு 308 வருகிறது, உத்தரப் பிரதேசத்துக்கு 496. நம் எண் கூடுகிறதே என்று மகிழ வேண்டாம். இன்று அவர்களின் 100-க்கு நம்முடையது 85; 2011 கணக்கில் 62-தான்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். 2022-இல் திரௌபதி முர்மு 6,76,803 மதிப்பு பெற்றார். எதிர்த்து நின்ற யஷ்வந்த் சின்ஹாவுக்கு 3,80,177. அங்கே நுணுக்கத்துக்கு வேலையில்லை. 1969-இல் இருந்தது. வெற்றிக்குத் தேவை 4,18,169. வி.வி. கிரிக்கு முதல் விருப்ப ஓட்டில் கிடைத்தது 4,01,515. பின்தங்கியவர்களின் சீட்டுகளில் இரண்டாவது விருப்பத்தை எண்ணி எண்ணித்தான் அவர் 4,20,077-ஐத் தொட்டார். எல்லைக் கோட்டுக்கு மேல் 1,908. தமிழ்நாட்டின் இன்றைய மதிப்பில் பதினொரு எம்.எல்.ஏ.க்கள்கூட இல்லை.