கைப்பேசியில் வந்த மருத்துவச் செய்தியை எங்களிடமும் காட்டுங்கள்

நாமக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றில் கோழிப்பண்ணை நடத்துபவர் அவர். வயது 58. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு எங்களிடம் மருத்துவம் பெற்று வருகிறார். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தவறாமல் வருபவர், சென்ற ஆண்டு இரண்டு முறை வரவில்லை. பின்னர் ஒரு நாள் மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்தபோது, வலக்காலின் இரண்டாம் விரலில் துணி சுற்றியிருந்தது. துணியைப் பிரித்தபோது விரல் கறுத்திருந்தது. முன்பு 7.2 விழுக்காடாக இருந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 11.6 ஆக உயர்ந்திருந்தது.

“மாத்திரை போடுறீங்களா, ஐயா?” என்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் தலை குனிந்தார். மனைவிதான் சொன்னார்: “நிறுத்தி அஞ்சு மாசம் ஆச்சுங்க சார். சக்கர மாத்திரை கிட்னியைக் கெடுத்துப்போடும்னு பையன் போன்ல அனுப்பிச்சானுங்க.”

மகன் திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றில் வேலை செய்கிறார். ஆழ்துளைக் கிணறு போடுவதற்காக மாதக்கணக்கில் வடமாநிலங்களில் தங்கியிருப்பவர். தந்தையை அருகிலிருந்து பார்த்துக்கொள்ள இயலாத மகன், தமக்கு வந்த காணொளியை அவருக்கு அனுப்பித் தம் அக்கறையைக் காட்டியிருக்கிறார். அவரிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆயினும் அந்த விரலை அகற்ற வேண்டியதாயிற்று. காலைக் காப்பாற்ற முடிந்தது.

அவருடைய இசைவுடனும், அடையாளங்களை மாற்றியும் இதை எழுதுகிறோம். “மத்தவங்களுக்கும் தெரியட்டுமுங்க” என்று அவரே கூறினார்.

எங்கள் பக்கத்துப் பிழை

காணொளி வந்த அன்றே அவர் மாத்திரையை நிறுத்திவிடவில்லை. முதலில் எங்களிடம்தான் கேட்டிருக்கிறார். அன்று புறநோயாளர் பிரிவில் கூட்டம் மிகுதி. கைப்பேசியை எங்கள் முன் நீட்டியவரிடம், “இதையெல்லாம் பார்க்காதீங்க ஐயா, மாத்திரையை ஒழுங்காப் போடுங்க” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அடுத்தவரை அழைத்துவிட்டோம். காணொளியில் பேசியவரோ, சிறுநீரகத்தின் படத்தைக் காட்டிப் பத்து நிமிடம் பொறுமையாக விளக்கியிருக்கிறார். அவர் சொன்னது தவறு. ஆனால் அவர் விளக்கம் தந்தார், நாங்கள் தரவில்லை. நோயாளர் எதை நம்பியிருப்பார் என்பதில் வியப்பில்லை. அதன் பிறகு அவர் எங்களிடம் கேட்கவும் இல்லை. மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லவும் இல்லை.

மருத்துவர்கள் பலரும் கைப்பேசியைக் கண்டாலே முகம் சுளிக்கிறோம். அதன் விளைவாக நோயாளர் காணொளி பார்ப்பதை விட்டுவிடுவதில்லை. பார்த்ததை எங்களிடமிருந்து மறைக்கிறார். மறைத்த செய்திக்கு மறுமொழி கூற எவராலும் இயலாது. இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான்: உங்களுக்கு வரும் மருத்துவச் செய்தியை மறைக்காமல் எங்களிடம் காட்டுங்கள். கேட்டு விளக்குவது எங்கள் கடமை.

முட்டையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது

அறுவை முடிந்து அவர் படுக்கையில் இருந்த நாள்களில் ஒரு மாலை, பிளாஸ்டிக் முட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. 2017ஆம் ஆண்டு கொல்கத்தாவில் எழுந்த ஒரு புகாரைத் தொடர்ந்து நாடெங்கும் பரவிய வதந்தி அது. முட்டை ஓட்டின் உட்தோலை உரித்துத் தீயில் காட்டும் காணொளிகள் அன்று கைப்பேசிகளில் வலம் வந்தன. அதைக் கேட்டதும் நம் நோயாளர் படுத்தபடியே சிரித்துவிட்டார். “முட்டைய வெயில்ல நாலு நாள் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க சார்” என்றார்.

அவர் சொன்னது சரியே. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. வெப்பத்தில் நெடுநாள் வைத்தால் அவற்றின் வழியே ஈரம் வெளியேறும்; புரதத்தாலான உட்தோல் காய்ந்து காகிதம் போல் விறைக்கும்; வெண்கரு நீர்த்துப்போகும். பழைய முட்டையின் இந்த இயல்பையே பிளாஸ்டிக் என்று எண்ணி அஞ்சினர். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையமும் பிளாஸ்டிக் முட்டை என்பது கட்டுக்கதை என்று விளக்கக் குறிப்பு வெளியிட்டது.

2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வேறொரு வதந்தி வந்தது. கோழி இறைச்சியாலும் முட்டையாலும் கொரோனா பரவும் என்ற செய்தி, சான்று எதுவுமின்றி வாட்சப்பில் பரவியது. நோய் தமிழ்நாட்டில் பெரிதாகப் பரவும் முன்பே நாமக்கல் மண்டலத்தில் முட்டையும் கறிக்கோழியும் விலை சரிந்தன. பண்ணையாளர்கள் பலர் கடனில் விழுந்தனர். இவரும் அவர்களுள் ஒருவர். அதே பிப்ரவரியில்தான் உலக சுகாதார அமைப்பு, நோயோடு சேர்ந்து பொய்ச் செய்திகளும் தொற்றாகப் பரவுகின்றன என்று எச்சரித்தது. அந்நாள்களில் எங்கள் மருத்துவமனை உணவகத்தில்கூடச் சில நாள் கோழிக்குழம்பு மீந்துபோனது. அதைத் தவிர்த்தவர்களில் மருத்துவம் படித்தவர்களும் உண்டு.

முட்டையைப் பற்றிய பொய்யால் இழப்புக்கு ஆளானவர், மாத்திரையைப் பற்றிய பொய்யை எப்படி நம்பினார்? முட்டை அவர் கையில் புழங்கும் பொருள். மாத்திரை உடலுக்குள் சென்று என்ன செய்கிறது என்பதை அவரால் பார்க்க இயலாது. நாங்களும் அப்படியே: கோழித் தீவனத்தைப் பற்றி எவரேனும் அழகாகப் பேசிக் காணொளி வெளியிட்டால், அதிலுள்ள பிழை எங்களுக்குப் புலப்படாது. ஆகவே அறிவுடையவர், அறியாதவர் என்று மனிதரைப் பிரிப்பதில் பயனில்லை. ஒவ்வொருவரும் ஒன்றை அறிவோம். பிறவற்றை அறிந்தவரிடம் கேட்க வேண்டும்.

அந்தக் காணொளியில் எது உண்மை, எது பொய்?

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விளக்கத்தை இப்போது சொல்கிறோம். சர்க்கரை நோய்க்குப் பெரும்பாலோர் முதலில் எடுத்துக்கொள்ளும் மாத்திரை மெட்ஃபார்மின். அது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் அது சிறுநீரகத்தின் வழியே உடலைவிட்டு வெளியேறுகிறது. வேறு காரணத்தால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால், மாத்திரை உடலில் தேங்கக்கூடும். எனவேதான் இரத்த ஆய்வறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர். என்று அச்சிடப்படும் அளவைக் கவனிக்கிறோம். அது 45க்குக் கீழே இறங்கினால் மருந்தின் அளவை மறுபரிசீலனை செய்கிறோம். 30க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுகிறோம்.

“சிறுநீரகம் பழுதானவருக்கு மெட்ஃபார்மின் நிறுத்தப்படும்” என்பது உண்மை. “மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்” என்பது பொய். அந்தக் காணொளி முதலாவதைக் காட்டி இரண்டாவதை நம்பவைத்தது. உண்மை கலந்திருப்பதால்தான் இத்தகைய செய்திகளை இனங்காண்பது கடினமாகிறது.

சிறுநீரகத்தை உண்மையில் கெடுப்பவை எவை? கட்டுப்படாத சர்க்கரை, கட்டுப்படாத இரத்த அழுத்தம், மருத்துவர் சீட்டின்றி நாள்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களில் நாள் முழுதும் நின்று வேலை செய்வோரும், சங்ககிரி லாரி ஓட்டுநர்களும் இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கேட்டு வாங்குவதை அன்றாடம் காண்கிறோம். நம் நோயாளரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திய அந்த ஐந்து மாதங்களில், கால் வலிக்கு வலி மாத்திரை போட்டிருந்தார். சிறுநீரகத்துக்கு அஞ்சி நல்ல மருந்தை விட்டவர், சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யக்கூடியதை எடுத்துக்கொண்டிருந்தார்.

இரட்டை அம்புக்குறி

2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் வருகின்றனர் என்ற வாட்சப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்துக் கொன்றனர். அதுபோன்ற கொலைகள் நாட்டின் பல பகுதிகளிலும் நிகழ்ந்தன. அவ்வாண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பகிர இயலாதவாறு வாட்சப் வரம்பு விதித்தது. பலமுறை பகிரப்பட்ட செய்திகளை 2020 ஏப்ரலில் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கியது.

அத்தகைய செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். உங்கள் மகனோ தங்கையோ அனுப்பியிருந்தாலும், அதை எழுதியவர் அவர் அல்லர். பல கைகள் மாறி வந்தது என்பதே அதன் பொருள். அம்புக்குறி இல்லாவிட்டால் உண்மை என்றும் கொள்ளலாகாது. எடுத்து ஒட்டி அனுப்பினால் அக்குறி மறைந்துவிடும். எழுதியவர் பெயர், நாள் ஆகியவை இல்லாதது, “உடனே அனைவருக்கும் அனுப்புங்கள்” என்று முடிவது, மருத்துவர்கள் இதை மறைக்கிறார்கள் என்பது, ஒரே பொருளால் எல்லா நோயும் தீரும் என்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐயுறுங்கள்.

வீட்டுக் கருவிகள்

கைப்பேசியும் மின்னணுக் கருவிகளும் தீயவை என்று நாங்கள் கூறவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரால் உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து பிழைத்தோர் பலர். கருவியின் எல்லையை அறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இரத்த அழுத்தக் கருவி வாங்குவோர் மணிக்கட்டில் கட்டுவதைவிட மேற்கையில் கட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். காப்பி, தேநீர், புகை ஆகியவற்றுக்குப் பின் அரை மணி நேரம் கழியட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக முதுகு சாய்த்து அமர்ந்து, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குளுக்கோமீட்டரில் குத்தும் முன் கையைக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் அரிந்த விரலில் எடுத்தால், இரத்தத்தில் இல்லாத சர்க்கரையையும் கருவி காட்டும். ஊசி குத்தாமலே சர்க்கரை அளக்கும் என்று விற்கப்படும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம். அவற்றை நம்பி மருந்தளவை மாற்றுவது ஆபத்து என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்துள்ளது.

அடுத்த முறை வரும்போது

1. ஐயம் தந்த செய்தியை அழிக்காமல் வைத்திருந்து, எங்களிடம் காட்டுங்கள். கூட்டமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். மருத்துவர் அவசரத்தில் இருந்தால், “இதற்கு விளக்கம் வேண்டும்” என்று செவிலியரிடம் கூறுங்கள்.

2. எந்தச் செய்தியைப் பார்த்தும், எங்களைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். கடிந்துகொள்ள மாட்டோம். உண்மை தெரிந்தால்தான் சரியான மருந்தளவைத் தீர்மானிக்க முடியும்.

3. வெளியூரிலுள்ள பிள்ளைகள் கவலைப்பட்டால், நீங்கள் இங்கு வரும்போது காணொளி அழைப்பில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேள்விக்கும் நாங்கள் மறுமொழி சொல்கிறோம்.

நம் நோயாளர் சென்ற மாதம் வந்தபோது அப்படித்தான் செய்தார். மகன் ரிக் லாரியின் அருகில் நின்றபடி அழைப்பில் இருந்தார். பின்னால் எந்திரத்தின் இரைச்சல். “நான் அனுப்புனதாலதானுங்களே சார் இப்படி ஆச்சு?” என்று கேட்டார். நாங்களும் அன்று கேட்டு விளக்கியிருக்க வேண்டும் என்று சொன்னோம். பிறகு தந்தையின் கைப்பேசியில் இருந்த மூன்று காணொளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டு பிழையானவை, ஏன் என்று விளக்கினோம். சர்க்கரை நோயுள்ளவர் இரவில் உறங்கும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும், வெறுங்காலுடன் நடக்கக்கூடாது என்று மூன்றாவது காணொளி சொன்னது. அது முற்றிலும் சரி. அதைப் பார்த்துவிட்டு, பண்ணைக்குள் போவதற்கென்று மகன் தந்தைக்கு ஒரு சோடி செருப்பு வாங்கி அனுப்பியிருந்தார். அன்று அவர் அதைத்தான் அணிந்து வந்திருந்தார்.