திரையில் எழுதியது பேரேட்டில் ஏறியதா?



சிட்டையில் எழுதியதெல்லாம் கணக்காகிவிடாது. பேரேட்டில் ஏறினால்தான் கணக்கு. நம் முன்னோர் கடையில் உட்கார்ந்த முதல் வாரமே கற்றுக்கொண்ட பாடம் இது. இன்று கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அது வந்த தைரியத்தில் அந்தப் பாடத்தை மறந்தோம். மறந்ததற்கு நம் கடை கொடுத்த விலையை இங்கே சொல்கிறோம். நம் சங்கத்து உறுப்பினர் எவருக்கும் அது நேர வேண்டாம்.

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறிய நாள். குளியல் சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18 சதவிகிதத்திலிருந்து 5-க்கும், நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கும் இறங்கின. முதல் நாள் இரவே கடையைச் சாத்திவிட்டு, உள் அறைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பொருளாக எடுத்து வரியை மாற்றினோம். நம் நிரலில் ஒரு பொருளுக்கு ஒரு படிவம். அதற்குள் பெயர், விலை, வரி, இருப்பு என்று நான்கு டேப்கள். எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்தோம்.

மறுநாள் காலை நல்ல கூட்டம். பக்கத்துக் கிராமத்தில் கடை வைத்திருக்கும் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் பில்லைக் கையில் பிடித்தபடி எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "அண்ணாச்சி, பேப்பர்ல சோப்புக்கு அஞ்சு பர்சென்ட்னு போட்டிருக்கான். உங்க பில்லுல பதினெட்டு நிக்குதே?"

அதற்குள் முப்பது பில்லுக்கு மேல் போய்விட்டது. அதிகமாக வாங்கிய வரியை நாம் வைத்துக்கொள்ள முடியாது. வரி என்று சொல்லி வசூலித்த தொகை அரசுக்குப் போக வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 76-ஆம் பிரிவு. தவறாகக் கூடுதல் வரி போட்ட பில்லுக்கு 34-ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் கொடுத்துச் சரிசெய்யலாம். அப்படியே ஒவ்வொருவராகத் தேடிக் கொடுத்து முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் வரி குறைந்ததை மறைத்து லாபம் பார்க்கிறார்கள் என்று அன்று ஒருவர் நினைத்திருந்தாலும், அதற்கு எந்த நோட்டைக் கொடுத்து ஈடுகட்டுவது?

நிரலை எழுதித் தந்தவரை அழைத்து வந்து காட்டினோம். குற்றம் நிரலில் இல்லை, நம்மிடம்தான். தவறு இரண்டு.

முதல் தவறு, சேவ் செய்யாதது. கடைசியாக எடுத்தது தலை எண்ணெய். வரி டேபில் 5 என்று அடித்துவிட்டு விலை டேபுக்குப் போனோம். அங்கே ஓர் எண் தப்பாக விழுந்தது. எஸ்கேப் விசையை இரண்டு முறை தட்டினோம். விலையோடு வரியும் பழையபடி ஆகிவிட்டது. டேப் மாறியபோதே வரி பதிவாகியிருக்கும் என்பது நம் நினைப்பு. டேப்கள் ஒரே ஏட்டின் பக்கங்கள் மாதிரி. பக்கம் புரட்டுவதால் பேரேட்டில் எதுவும் ஏறாது.

இரண்டாவது தவறு, ரெஃப்ரெஷ் செய்யாதது. மற்ற பொருள்களின் வரி ஒழுங்காகவே பதிவாகியிருந்தது. ஆனால் கல்லாக் கம்ப்யூட்டரில் ஞாயிறு காலை திறந்த பில் படிவத்தை இரவு மூடவில்லை. பொருள் பட்டியலை அது திறக்கும்போது ஒரு முறை படித்து வைத்துக்கொள்ளும். பேரேட்டைப் பார்த்துக் காலையில் துண்டுக் காகிதத்தில் விலை எழுதிக்கொண்ட கணக்குப்பிள்ளை, பேரேடு மாறிய பிறகும் அந்தக் காகிதத்தையே பார்த்து விலை சொன்னால் எப்படி? நம் கல்லாவில் நடந்தது அதுதான்.

சிறு கடைகளுக்கான நிரல்கள் பல மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதப்படுகின்றன. அப்படிப்பட்ட நிரலை வைத்திருப்போர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும். வேறு நிரல் வைத்திருப்போர் இதே கேள்விகளை எழுதித் தந்தவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

1. படிவத்தின் இடது ஓரப் பட்டையில் பென்சில் படம் தெரிந்தால், எழுதியது இன்னும் பதிவாகவில்லை. ஷிஃப்ட் விசையோடு என்டரைத் தட்டினால் பதிவாகிப் பென்சில் மறையும். அடுத்த பொருளுக்கு நகர்ந்தாலும், படிவத்தை மூடினாலும் பதிவாகும். அதே பொருளில் டேப் மட்டும் மாற்றினால் ஆகாது. டேபுக்குள் தனியாக ஓர் உட்படிவம் இருந்து, அதற்குள் நுழைந்தால் மட்டும் வெளிப்படிவம் பதிவாகும்.

2. எஸ்கேப்பை முதல் முறை தட்டினால் அந்தக் கட்டத்தில் அடித்தது போகும். இரண்டாம் முறை தட்டினால் அந்தப் பொருளில் சேவ் ஆகாத எல்லா மாற்றமும் போகும், எந்த டேபில் இருந்தாலும்.

3. ரெஃப்ரெஷ் என்பது ஏற்கெனவே திரையில் உள்ள வரிகளின் புதிய மதிப்பைக் காட்டும். இன்னொருவர் புதிதாகச் சேர்த்த பொருளைக் காட்டாது. அதற்கு ஷிஃப்ட் விசையோடு எஃப்-9 தட்டிப் பட்டியலை மறுபடி எடுக்க வேண்டும். பில்லில் பொருளைத் தேர்வு செய்யும் கட்டத்தில் நின்று எஃப்-9 தட்டினால் அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படும்.

4. ஒரே பொருளை இருவர் இரண்டு கம்ப்யூட்டரில் திருத்தினால், பின்னால் சேவ் செய்பவருக்கு எச்சரிக்கை வரலாம். அவசரப்பட்டு 'சேவ்' கொடுத்தால் முன்னவர் எழுதியது அழியும். நம் மாற்றத்தைக் கைவிட்டு, அவர் எழுதியதைப் பார்த்து, பிறகு திருத்துவதே நல்லது.

5. வரி விகிதம் பில்லிலேயே பதிவாகிறதா என்று கேளுங்கள். பொருள் படிவத்திலிருந்து ஒவ்வொரு முறையும் எடுத்துக் காட்டும் நிரலானால், இன்று விகிதத்தை மாற்றும்போது போன மாதத்துப் பில்லின் வரியும் மாறித் தெரியும். கணக்குத் தாக்கலில் அது பெரிய தலைவலி.

இப்போது நம் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இரவு எல்லாப் படிவத்தையும் மூடிவிடுவது. விலையோ வரியோ மாறிய மறுநாள், முதல் வாடிக்கையாளர் வருமுன் மாற்றிய ஒவ்வொரு பொருளையும் பில் படிவத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டு, சேவ் செய்யாமல் நீக்கிவிடுவது. ஐந்து நிமிட வேலை.

கடையைப் பூட்டியபின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் நம்மில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கம்ப்யூட்டர் கணக்குக்கும் அந்த ஓர் இழுப்பு வேண்டும்.