கொலுப்படியில் மயிற்பொறி

சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் காட்டும் மயிற்பொறியை நாம் அறிவோம். கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்தபோது, கருவுற்றிருந்த விசயையைச் சச்சந்தன் அப்பொறியின்மீது ஏற்றி அனுப்பினான். விசையை வலப்புறம் திருகினால் மயில் மேலெழும். இடப்புறம் திருகினால் தரையிறங்கும். பெருங்கதையிலோ, உதயணனைச் சிறைப்பிடிக்கப் பொறியானை ஒன்று விடுக்கப்படுகிறது. உயிரற்ற உருவத்தை உயிருள்ளது போல் இயக்கிப் பார்க்கும் ஆவல் நம்மவர்க்குப் புதியதன்று.

அந்த ஆவல் ஆண்டுதோறும் நவராத்திரியின்போது மட்டாஞ்சேரியிலுள்ள நம் இல்லங்களிலும் தலைகாட்டுகிறது. படிகளுக்கு அருகே பூங்கா அமைத்து, ஊஞ்சலில் ஆண்டாளை ஆட்டுவிக்கவும், யசோதையைத் தயிர் கடையச் செய்யவும் பிள்ளைகள் விழைகின்றனர். ஏறத்தாழ அதே பருவத்தில், அக்டோபர் 31ஆம் நாள் வரும் ஹாலோவீன் விழாவிற்காக, அமெரிக்க வீட்டார் பழைய கார்களின் கண்ணாடித் துடைப்பான் மோட்டாரைக் கொண்டு பேய்களையும் எலும்புக்கூடுகளையும் ஆட்டுகின்றனர். இங்கே நம் அண்டை வீட்டாரின் கிறிஸ்துமஸ் குடிலிலும் இத்தகைய முயற்சிக்கு இடமுண்டு. பேயாயினும் கண்ணனாயினும், ஆட்டும் மோட்டாருக்கு வேற்றுமை தெரியாது, விதிகள் ஒன்றே.

அவ்விதிகளை நாம் கற்றது ஒரு விபத்தின் வாயிலாக. ஓராண்டு நம் இல்லத்துக் கொலுவில், 230 வோல்ட் மின்சாரத்தில் நேரே ஓடும் மோட்டார் ஒன்றைப் படிக்குப் பின்னால் பொருத்தியிருந்தோம். ஆடும் கம்பி மின்கம்பியை நாள்தோறும் உராய்ந்து, அதன் மேலுறையைத் தேய்த்துவிட்டது. எட்டாம் நாள் மாலை, உருண்டு விழுந்த பொம்மையை எடுக்கக் கைநீட்டிய சிறுமி அலறினாள். நல்வேளையாக, மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. கருவி வீட்டில் இருந்தது, குழந்தை பிழைத்தாள். அது இல்லாதிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது. ஆடும் பொம்மை வேண்டா என்று அன்று முடிவு செய்தோம். அதை மாற்றியவள் அச்சிறுமியே. மறு ஆண்டு, “பொம்மை ஆடாதா?” என்று அவள் கேட்டாள். ஆகவே, ஆடவும் வேண்டும், அஞ்சாமல் ஆடவும் வேண்டும் என்று வழி தேடினோம்.

பன்னிரண்டு வோல்ட்டே போதும்

முதல் விதி இது: கொலுவுக்குள் 230 வோல்ட் நுழையலாகாது. தரமான அடாப்டர் ஒன்றைச் சுவரருகே, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அதிலிருந்து வரும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தை மட்டுமே படிகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அடாப்டர் எத்தனை ஆம்பியர் தரவேண்டும்? ஒவ்வொரு மோட்டாரும் சுமையோடு ஓடும்போது கொள்ளும் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்க. அரை ஆம்பியர் வீதம் நான்கு மோட்டார்களாயின் 2 ஆம்பியர். தொடங்கும் நொடியில் மோட்டார் மிகுதியாக இழுக்குமாதலால், 3 ஆம்பியர் அடாப்டர் கொள்வது நலம். அப்போதும் மொத்தம் 36 வாட்டே. கார்த் துடைப்பான் மோட்டார் தனியொன்றே பல ஆம்பியர் கொள்ளும். சிறு பொம்மைக்கு அது வேண்டா.

குறைந்த வோல்ட் என்பதால் தீ பற்றாது என்று எண்ணிவிடக் கூடாது. நூல் சிக்கி மோட்டார் நின்றுபோனால், வழக்கத்தைப் போல் பன்மடங்கு மின்னோட்டம் பாய்ந்து அது கொதிக்கும். அருகிலோ பட்டுத்துணியும் எண்ணெய் விளக்கும் இருக்கும். எனவே ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியே, அதற்கேற்ற சிறு ஃபியூஸ் இடுதல் வேண்டும்.

மெதுவே ஆடுவதே அழகு

விளையாட்டுக் காரிலுள்ள மோட்டார் நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழலும். அதை ஊஞ்சலில் பூட்டினால் ஆண்டாள் கூடத்தின் மறுகோடியில் விழுவாள். நமக்குத் தேவை பற்சக்கரங்களோடு கூடிய மோட்டார். நிமிடத்திற்கு 10, 30, 60 சுற்று எனப் பல வகை கிடைக்கின்றன. ஊஞ்சலுக்கு 30 சுற்றே போதும்.

சுழற்சியை ஆட்டமாக மாற்றுவது எளிது. மோட்டாரின் அச்சில் ஒரு வட்டைப் பொருத்தி, நடுவிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி ஓர் ஆணி அடித்து, அதில் கம்பியின் ஒரு முனையைத் தளர்வாக மாட்டுக. வட்டு ஒருமுறை சுழன்றால், நேர்வழியில் செல்லுமாறு அமைத்த கம்பியின் மறுமுனை 6 சென்டிமீட்டர் முன்சென்று பின்வரும். ஆணி நடுவை நெருங்க நெருங்க ஆட்டம் சுருங்கும். தையல் இயந்திரத்து மிதிபலகை சக்கரத்தைச் சுழற்றுவதும் இதே முறையில்தான். அங்கே ஆட்டம் சுழற்சியாகிறது, இங்கே சுழற்சி ஆட்டமாகிறது.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையிடமும் ஒரு பாடம் உண்டு. எடை சமமாக அமைந்தால் விரல்நுனி பட்டாலே அது ஆடும். அதுபோல் தூக்கியிறக்கும் கைக்கு எதிர்ப்புறம் ஓர் எடையைக் கட்டினால், சிறு மோட்டாரே சிரமமின்றி இயக்கும்.

அடக்கி ஆளும் முறை

வேகத்தைக் குறைக்கச் சிலர் மின்தடையைச் சேர்ப்பர். சுமை கூடும்போது அதனால் வலுவும் குன்றி மோட்டார் நின்றுவிடும். கூரை மின்விசிறியின் ரெகுலேட்டரும் இதற்கு உதவாது. அது மாறுமின்னோட்டத்திற்கு உரியது. சரியான கருவி, மின்சாரத்தை வினாடிக்குப் பல நூறு முறைக்கு மேல் விட்டும் நிறுத்தியும் கொடுக்கும் பி.டபிள்யூ.எம். கட்டுப்பாட்டுப் பலகை. விடும் நேரம் குறைந்தால் வேகம் குறையும். விடும்பொழுதெல்லாம் 12 வோல்ட்டும் முழுமையாகச் செல்வதால் வலு அந்த அளவுக்குக் குன்றாது.

நேர்மின் மோட்டாரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றினால் அது எதிர்த்திசையில் சுழலும். மயிற்பொறியின் வலமும் இடமும் இதுவே! ஆனால் ஓட்டம் நின்ற பின்னரே திசையை மாற்றுக. ஓடும்போதே மாற்றினால் மின்னோட்டம் மிகும், பற்சக்கரமும் முறியும்.

பள்ளிப் பிள்ளைகள் இன்று ஆர்டுயினோ என்னும் சிறு பலகையைக் கையாள்கின்றனர். விருந்தினர் அருகே வந்ததை உணரும் கருவியை அதனோடு இணைத்தால், பொம்மை பத்து வினாடி ஆடி ஓய்வெடுக்கும், மோட்டாரும் சூடாகாது. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: அப்பலகையின் முனை தரக்கூடியது சில பத்து மில்லி ஆம்பியர் மட்டுமே. மோட்டாரை நேரே அதில் இணைத்தால் பலகை பாழாகும். இடையே மோட்டாருக்குரிய இயக்கிப் பலகை ஒன்று இருத்தல் வேண்டும்.

நம் ஊருக்கென்று இரண்டு சொல்

மட்டாஞ்சேரியில் காயற்காற்று ஈரமும் உப்பும் சுமந்து வருவது. கொலு முடிந்ததும் மோட்டாரைத் துடைத்து, பற்சக்கரங்களுக்குச் சிறிது கிரீஸ் தடவி, காற்றுப்புகாத டப்பாவில் வைக்காவிட்டால் மறு ஆண்டு துருவே மிஞ்சும். மேலும், நவராத்திரியை ஒட்டியே துலாவர்ஷம் தொடங்கிவிடுவதுண்டு. மாலையில் இடி முழங்கினால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது; அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

இத்தனை உழைப்பும் ஒரு பொம்மை ஆடுவதற்கா என்று சிலர் வினவலாம். பிறந்த ஊரை விட்டு வந்த நமக்குக் கொலு என்பது ஒன்பது நாள் வீட்டுக்கு வரும் ஊர். பிள்ளைகள் அதை வெறுமனே பார்த்துச் செல்வதைவிடத் தம் கையால் இயக்கினால், அது அவர்களுக்கும் சொந்த ஊராகும். அன்று அலறிய சிறுமி இன்று தானே கம்பி பூட்டுகிறாள். பூட்டுமுன் அடாப்டரைக் கழற்றியாயிற்றா என்று நம்மையே கேட்கிறாள். நம் கொலுவில் யசோதை தயிர் கடைவது அவள் கைவண்ணத்தால்தான்.