சோடியம் ஏறட்டும், ஓடக் கூடாது

வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக நாலைந்து நாள் கிடந்த முதியவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அவருக்கு 110 என்று ரிப்போர்ட் வருகிறது. உப்பு இறங்கிவிட்டது என்றதும், சீக்கிரம் ஏற்றிவிடுங்கள் டாக்டர் என்பார்கள் வீட்டார். நியாயமான பதற்றம்தான். ஆனால் நீர் வற்றிய உடம்பில் சோடியத்தை ஏற்றுவது பெரிய வேலை இல்லை. அது கட்டுமீறி ஏறிவிடாமல் பிடித்துவைப்பதில்தான் சிகிச்சையின் கஷ்டமே இருக்கிறது.

நீரும் உப்பும் சேர்ந்து வெளியேறும்போது ரத்த அளவு சுருங்குகிறது. உடனே வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரந்து, சிறுநீரில் நீர் போகாமல் தடுக்கிறது. அதன் பிறகு குடிக்கும் வெறும் தண்ணீர், டீ, சோடியம் குறைந்த இளநீர் எல்லாம் உள்ளேயே தங்கி, மிச்சமிருக்கும் உப்பையும் நீர்க்கச் செய்கின்றன. ரத்தஅழுத்தத்துக்குத் தயாசைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இறக்கம் இன்னும் கூடும். இந்த நிலையில் நார்மல் சலைன் டிரிப்ஸ் ஏறி ரத்த அளவு தேறியதும் அந்த ஹார்மோன் அடங்கிவிடுகிறது; தேங்கிய நீரெல்லாம் தெளிந்த சிறுநீராகக் கொட்டுகிறது. சிறுநீர் நன்றாகப் போகிறதே என்று வீட்டார் நிம்மதியடையும் அதே நேரத்தில் சோடியம் கணக்கை மீறி ஏறிக்கொண்டிருக்கும். சிறுநீர் மணிக்கு 100 மில்லியைத் தாண்டினாலே விழித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இரண்டு நாளுக்கு மேல் நீடித்த உப்புக் குறைவுக்கு மூளைச் செல்கள், தம்முள்ளிருந்த சில கரைபொருள்களை வெளியேற்றிப் பழகிவிட்டிருக்கும். அவற்றை மீட்டுக்கொள்ளப் பல நாள் ஆகும். அதற்குள் சோடியம் எகிறினால் நரம்பிழைகளின் மயலின் உறை சிதைகிறது. 1959இல் குடிநோயாளிகளிடமும் ஊட்டம் குறைந்தவர்களிடமும் முதலில் விவரிக்கப்பட்ட நோய் இது. தெளிந்து பேசிக்கொண்டிருந்தவருக்குச் சில நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் விழுந்துவிடும்.

வலிப்பு வந்தால்கூடக் காத்திருப்பதா? கூடாது. அப்போது 3 சதவீத சலைனை 100 முதல் 150 மில்லி வரை உடனே கொடுத்தாக வேண்டும். ஆனால் 4 முதல் 6 மில்லிமோல் ஏறினாலே மூளை வீக்கத்தின் ஆபத்து தணியும். அன்றே 135ஐத் தொட வேண்டியதில்லை. வேகமாக ஏறியவர்களில் இறப்பு குறைவு என்று அண்மை ஆய்வுகள் சில சொல்வதும் உண்மை. அவை பெரும்பாலும் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வுகள். மெதுவாக ஏறியவர்களில் பலர் முதலிலேயே கடும் நோயாளிகளாக இருந்திருக்கலாம். மயலின் சிதைவு அரிது என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால் யாருக்கு அது வரும் என்பது ஓரளவு தெரிந்ததே: குடிநோயாளிகள், ஊட்டம் குறைந்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், சோடியம் 105க்கும் கீழே போனவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள். பேதியில் பொட்டாசியமும் போகிறது; அதை ஈடுகட்ட ஏற்றும் பொட்டாசியமும் சோடியத்தை உயர்த்தும். அந்த முதியவருக்கு நிதானம்தான் பாதுகாப்பு.

எனவே 24 மணி நேரத்தில் 8, மிஞ்சினால் 10 மில்லிமோல் என்பதே என் பார்வையில் சரியான எல்லை. நாலைந்து மணிக்கொருமுறை ரத்தப் பரிசோதனை வேண்டும். எல்லை மீறினால் டெஸ்மோபிரசினும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் கொடுத்துத் திரும்ப இறக்கவும் வழியுண்டு. நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்கள், எப்போது நார்மலாகும் என்று நெருக்குவதை விட்டு, அடுத்த சோடியம் டெஸ்ட் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். சிறுநீர் திடீரெனக் கூடினால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.