கலாம் வீட்டு விருந்தாளிகள்

அமெரிக்க ஜனாதிபதி என்றாலே அவர் மனைவி மக்களைப் பற்றியும் பேச்சு வந்துவிடும். வெள்ளை மாளிகைக்கு வந்தவர்களில் கடைசிவரை மணமுடிக்காதவர் ஒருவரே. 1857 முதல் 1861 வரை பதவியிலிருந்த ஜேம்ஸ் புக்கானன். அவருடைய சகோதரி மகள் ஹாரியட் லேன் என்ற இளம்பெண்தான் விருந்தினரை வரவேற்று, வீட்டுத் தலைவியின் ஸ்தானத்தை வகித்தார்.

நம் நாட்டிலும் மணமாகாத ஜனாதிபதி ஒருவர் 2002-ல் பதவியேற்றார். ராமேஸ்வரத்து அப்துல் கலாம். பிரம்மச்சாரிக்குக் குடும்ப வாழ்க்கை ஏது என்று கேட்கலாம். கலாமுக்கு இருந்தது; அதுவும் கடன்பட்ட குடும்பம்.

சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது, சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தை ஜைனுலாப்தீனிடம் அவ்வளவு பணமில்லை. அக்காள் ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்நாளில் ஒரு பெண்ணுக்கு நகையைவிட்டால் வேறென்ன கையிருப்பு? அக்காளின் கணவர் ஜலாலுத்தீனோ மைத்துனர் என்பதைவிட, கலாமுக்கு உலகத்தைக் காட்டிய ஆசான்.

பின்னர் தும்பா ராக்கெட் தளத்தில் வேலை. திருவனந்தபுரத்தில் விடுதி அறையில் வாசம். ஏவுகலப் பணியில் மூழ்கியிருந்த நாட்களில் ஜலாலுத்தீன் காலமான செய்தி வந்தது. இரவு முழுவதும் பேருந்து மாறி மாறிப் பயணம் செய்து, மறுநாள்தான் ராமேஸ்வரம் போய்ச் சேர முடிந்தது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று எல்லை தாண்டி ஊருக்கு ஓடும் அம்பூரிப் பக்கத்துத் தமிழர்களுக்கு இத்தகைய இரவுப் பயணத்தை விவரிக்க வேண்டியதில்லை. 1976-ல் தந்தை 102-ஆம் வயதில் மறைந்தார். சிறிது காலத்தில் தாய் ஆஷியம்மாவும் போய்விட்டார்.

2006 மே மாதம் உறவினர் ஐம்பத்திரண்டு பேர் டில்லிக்கு வந்தார்கள். தொண்ணூறு வயதுத் தமையன் முதல் ஒன்றரை வயதுக் குழந்தை வரை! ஒரு வாரத்துக்குமேல் ஜனாதிபதி மாளிகையில் தங்கினார்கள். அஜ்மீர் தர்காவுக்கும் போய் வந்தார்கள். அலுவலகக் கார் ஒன்றுகூட அவர்களுக்காக ஓடவில்லை. அறை வாடகை முதல் ஒரு குவளைத் தேநீர் வரை தனிக் கணக்கு எழுதப்பட்டது. மொத்தம் 3 லட்சத்து 52 ஆயிரம் ரூபாய். கலாம் தம் சொந்தக் கணக்கிலிருந்து கட்டினார். அவருடைய செயலாளராக இருந்த பி.எம். நாயர் பின்னாளில் எழுதியபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

வெள்ளை மாளிகையில் குடும்பத்தின் சாப்பாட்டுக்கு ஜனாதிபதிக்கே மாதாமாதம் பில் போகிறது என்பார்கள். அது அங்குள்ள நடைமுறை. இங்கே கலாம் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்ட பில் இது. அக்காள் அடகு வைத்த நகையில் படித்தவருக்கு அரசாங்கப் பணம் எது, தம் பணம் எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை போலும்.

இரத்த உறவு மட்டுமல்ல. ஜனாதிபதியாகத் திருவனந்தபுரம் வந்தபோது ராஜ்பவனுக்கு அவர் அழைத்த விருந்தாளிகளில், பழைய நாளில் பழகிய செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரும், தாம் வழக்கமாகச் சாப்பிட்ட சிறு ஓட்டலின் உரிமையாளரும் இருந்தார்கள்.

2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் கலாம் மறைந்தார். மூன்றாம் நாள் ராமேஸ்வரம் பேக்கரும்பில் அடக்கம் செய்தார்கள். தமையன் முத்து மீரான் மரைக்காயர் அப்போதும் ஊரில் இருந்தார். தம்பிக்குப் பின்னும் ஐந்தாண்டுகளுக்குமேல் வாழ்ந்து, 2021 மார்ச்சில் 104-ஆம் வயதில் காலமானார்.