ஓடமும் ஒரு நாள் வண்டி ஏறும்

"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்" என்பது பழமொழி. வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்பதற்காகப் பெரியவர்கள் சொல்லி வைத்தது. 2023 டிசம்பருக்கு முன்னால் கோவில்பட்டிக்காரர் ஒருவரிடம் இதைச் சொல்லியிருந்தால், "வண்டிக்குக் குறைவில்லை, ஐயா! ஓடத்துக்கு எங்கே போவது?" என்று கேட்டுச் சிரித்திருப்பார்.

அவர் சிரிப்பதிலும் நியாயம் உண்டு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று விரிந்து கிடக்கும் கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் மண். குடிதண்ணீருக்குக் குடத்தோடு நடந்த கதைகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ஆண்டு முழுவதும் பெய்கிற மழையெல்லாம் சேர்ந்தாலே சுமார் 70 சென்டிமீட்டர்தான். இந்த ஊர்த் தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் உலகமெல்லாம் பெயர் உண்டு. படகுக்கு இங்கே என்ன வேலை?

வேலை வந்தது! 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பொத்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோவில்பட்டியிலும் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதில் பெரும்பகுதி ஒரே நாளில் இறங்கினால் கண்மாய்க் கரைகள் என்ன செய்யும்? தாமிரபரணிக் கரையில் ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது.

அப்போதுதான் கடற்கரை ஊர்களின் மீன்பிடிப் படகுகள் லாரிகளில் ஏறி உள்நாட்டுக்கு வந்தன. 2015-ல் சென்னையிலும், 2018-ல் கேரளத்திலும் நாம் பார்த்த அதே காட்சி. மீனவர்களின் துணிவை நாடு பாராட்டியது, நியாயமான பாராட்டு. ஆனால் அந்தப் படகைத் தண்ணீர் இருக்கும் இடம் வரை கொண்டு சேர்த்த வண்டியையும், அதன் டிரைவரையும் யார் நினைத்தார்கள்? படகு எவ்வளவு உறுதியானதாக இருந்தால்தான் என்ன, வழியில் சேற்றில் சிக்கிக்கொண்டால் அது வெறும் தொட்டிதானே!

குட்டியானையின் பலம்

கடலுக்குப் போகிற 28 அடி பைபர் படகுக்கு லாரிதான் வேண்டும். ஆனால் வெள்ளம் சூழ்ந்த தெருக்களில் சிறு படகுகளும் ரப்பர் படகுகளும்தான் சுலபமாக நுழையும். அவற்றைக் கொண்டு செல்ல நம் ஊர் சரக்கு வண்டியே போதும். 2005-ல் வந்த டாட்டா ஏஸ் வண்டிக்கு நம்மவர்கள் 'குட்டியானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முக்கால் டன் அளவு சுமக்கும் அதன் முதுகு சுமார் ஏழு அடி நீளந்தான். அதில் பதினைந்து அடிப் படகை ஏற்றினால் பாதி உடம்பு பின்னால் தொங்கும். பின்பாரம் கூடினால் வண்டியின் மூக்கு தூக்கும். முன் சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்புவேனா என்கும்.

அதனால் நீளமான படகை இரு சக்கர டிரெய்லரில் வைத்துக் கொக்கி போட்டு இழுப்பதே நல்லது. அதற்கு ஏற்ற கொக்கியும், இழுக்கும் சக்தியும் கொண்ட பிக்கப் வண்டி வேண்டும். இதிலும் ஒரு கணக்கு உண்டு. டிரெய்லரும் படகும் சேர்ந்து 500 கிலோ என்றால், கொக்கியின் மேல் 50 முதல் 75 கிலோ பாரம் அழுந்த வேண்டும். பாரம் பின்னுக்குப் போனால், வேகம் பிடித்ததும் டிரெய்லர் பாம்பு போல் நெளியும். அப்படி நெளிந்தால் பிரேக்கைப் பலமாக மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தால் தானே அடங்கும்.

இன்னொரு விஷயம். மழையில் திறந்து கிடக்கும் படகில் தண்ணீர் தேங்கும். பத்துக் குடம் தேங்கினால் சுமார் 150 கிலோ! புறப்படுமுன் அதை இறைத்துவிட வேண்டும். கயிறு உரசும் இடத்தில் ஒரு சாக்கை மடித்து வைத்தால் கயிறும் பிழைக்கும், படகும் பிழைக்கும்.

காலும் கையும்

கியர் வண்டியில் சுமை இழுப்பவருக்கு இடது கால்தான் எஜமான். மேட்டில் வண்டி பின்வாங்காமல் இருக்க, பலர் கிளட்சைப் பாதி மிதித்தபடியே நிறுத்தி வைப்பார்கள். உள்ளே தட்டு உரசி உரசிச் சூடேறும். கருகல் நெடி மூக்கில் ஏறும். ஹாண்ட்பிரேக்கைப் போட்டு நிற்பதும், முதல் கியரில் கிளட்ச் பிடிக்கிற நேரத்தில் ஹாண்ட்பிரேக்கை விடுவதுமே முறை. இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது அபாயத்தை விலைக்கு வாங்குவதாகும். எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரிலேயே இறங்கினால், எஞ்சினே பாதி பிரேக்காக உதவும்.

டிரெய்லரோடு பின்னால் வருவது தனி வித்தை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். பழகாதவர்களுக்கு ஒரு சூத்திரம்: ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் கையை வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். அவ்வளவுதான்!

கரிசலின் குணம்

இனி வருவது, நம் மண்ணுக்கே உரிய தொல்லை. வெயிலில் வாய் பிளந்து கிடக்கும் கரிசல், மழையில் தண்ணீரைக் குடித்து ஊதிக்கொள்ளும். நடப்பவன் செருப்பை வாங்கிக்கொள்ளும். டயரின் பள்ளங்களை நிரப்பி, அதை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். அப்புறம் ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்தச் சக்கரம் சுற்றும், வண்டி நகராது, குழிதான் ஆழமாகும்.

ஆகவே தார் ரோட்டையோ சரளையையோ விட்டு இறங்காமல் இருப்பதே முதல் புத்தி. இறங்கத்தான் வேண்டுமென்றால், சேற்றில் முதல் கியரை விட இரண்டாவது கியரில் மெல்லக் கிளம்புவது மேல். முதல் கியரின் வேகமான இழுப்பில் சக்கரம் சறுக்கும். இரண்டாவது கியர் நிதானமாக இழுக்கும். சிக்கிக்கொண்டால், சக்கரத்தின் முன்னே பருத்திமாரையும் சாக்கையும் போட்டுப் பாருங்கள். அவசரத்தில் பக்கத்திலிருக்கும் சீமைக் கருவேலை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். சேறு விட்டாலும் முள் விடாது!

எங்கே நிற்பது?

இவ்வளவும் தெரிந்த டிரைவருக்கும் ஒரு பெரிய சோதனை உண்டு. ரோட்டின் மேல் வெள்ளம் ஓடுகிறது. அக்கரையில் ஜனங்கள் கூரை மேல் நிற்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் போங்கண்ணே, போயிரலாம்" என்று கூட வந்தவர்கள் சொல்கிறார்கள். போகலாமா?

ஓடுகிற தண்ணீர் ஓர் அடி ஆழம் இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கிவிடும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை, பிக்கப் உட்பட, இழுத்துக்கொண்டு போய்விடும். வண்டி கனமாயிற்றே என்று நினைப்போம். தண்ணீருக்கு அந்தக் கனம் ஒரு பொருட்டல்ல. அதோடு, கலங்கிய தண்ணீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று யாருக்குத் தெரியும்? மிதக்க வேண்டியது படகு. வண்டி எங்கே நிற்க வேண்டுமோ, அங்கேதான் படகின் வேலை தொடங்குகிறது. ஐம்பது அடி முன்னதாகவே நிறுத்தி, பத்துப் பேராகத் தோள் கொடுத்துப் படகைத் தூக்கிச் சென்றால் பத்து நிமிஷம் தாமதமாகும். அவ்வளவே. நிறுத்தாமல் போய் வண்டி கவிழ்ந்தால், காப்பாற்ற வந்தவர்களையே காப்பாற்ற இன்னொரு படகு தேட வேண்டி வரும்.

டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குவதென்றால், அது தேங்கிய தண்ணீராக இருக்கட்டும். ஓடி வந்த சக்கரத்தின் குடம் சூடாக இருக்கும். சற்று ஆறவிட்டு இறக்கினால் பேரிங்குக்குள் தண்ணீர் புகாது.

கரிசல் காட்டில் மறுபடி எப்போது அப்படி மழை பெய்யும் என்று யாரும் சொல்ல முடியாது. வானம் பார்த்த பூமியில் வானத்தை நம்பவும் முடியாது, நம்பாமல் இருக்கவும் முடியாது. பழமொழியின் முதல் பாதி, ஓடம் வண்டியில் ஏறுவது, ஊருக்கு நல்லதுதான். பின்பாதி பலிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது, பிரேக்கின் மேல் கால் வைத்திருக்கிறவரின் பொறுப்பு!